பார்க்கிறவர்கள் யார், வாங்குகிறவர்கள் யார்?

கேள்வி:

தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கொரோனா ஊரடங்கில் பொழுதுபோக்காக ஆரி ஒர்க் கற்றுக்கொண்டேன். இப்போது தெரிந்தவர்களுக்குக் கல்யாண பிளவுஸ் போட்டுத் தருகிறேன். ஒரு பிளவுஸுக்கு 3,500 ரூபாய் வாங்குகிறேன். மணி, கல், ஜரி நூல் என்று 900 ரூபாய் போய்விடும். முடிக்க 25 மணி நேரம் பிடிக்கிறது.

யூடியூபில் 6,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள். ஒரு ஷார்ட்ஸ் 3 லட்சம் பேரிடம் போனது. ஆனால் யூடியூபிலிருந்து பணமும் வரவில்லை, வீடியோ பார்த்து ஆர்டரும் வரவில்லை. கமென்ட்டில் எல்லோரும் "சூப்பர் அக்கா", "ஊசி எங்கே வாங்கினீங்க?", "இந்தப் பூவை மெதுவா போட்டுக் காட்டுங்க" என்றுதான் எழுதுகிறார்கள். 15,000 ரூபாய் கட்டினால் மூன்றே மாதத்தில் மானிட்டைசேஷன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில் தருகிறார் சிறுதொழில் ஆலோசகர்:

சகோதரி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். அந்த 15,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். அதே நேரம், உங்கள் சேனல் தோற்றுவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அதைப் பார்க்கிறவர்கள் உங்களிடம் வேறு எதையோ கேட்கிறார்கள். நீங்கள் பிளவுஸ் ஆர்டரை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதலில் யூடியூப் பணத்தைப் பார்த்துவிடுவோம். விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. 3 லட்சம் பேர் பார்த்தும் உங்களுக்கு ஒன்றும் வராததற்குக் காரணம் இதுதான். நீளமான வீடியோவை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால், 60,000 பார்வைகளில் 4,000 மணி நேரம் நிறைந்துவிடும். கற்றுக்கொடுக்கும் வீடியோவுக்கு இது எட்டக்கூடிய எண்தான்.

தகுதி கிடைத்த பிறகு நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸில் உங்களுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் உங்கள் பங்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். உங்கள் அளவுள்ள சேனலுக்கு இது கைச்செலவுக்கு ஆகும், சம்பளத்துக்கு ஈடாகாது.

காசு கொடுத்து ஆள் சேர்ப்பதும், "நீ எனக்கு, நான் உனக்கு" என்று மாற்றி மாற்றி சப்ஸ்கிரைப் செய்வதும் யூடியூப் விதிக்கு விரோதம். விளம்பரம் போட்டு ஏற்றிய பார்வை நேரமும் கணக்கில் வராது. அந்த ஆளிடம் பணம் கட்டினால் சேனலையே இழக்க நேரலாம்.

உங்கள் இரண்டு கைகள்

இப்போது பிளவுஸ் கணக்குக்கு வருவோம். 3,500-இல் 900 போனால் 2,600. அதை 25-ஆல் வகுத்தால் மணிக்கு 104 ரூபாய். உங்கள் சம்பளத்தைத் தொடவே மாதம் ஐந்தாறு பிளவுஸ் போட வேண்டும். ஆறு பிளவுஸ் என்றால் 150 மணி நேரம். வீடியோ எடுப்பது, எடிட் செய்வது, அளவு சரியில்லை என்று திரும்பி வருவதைப் பிரித்துப் போடுவது எல்லாம் இதற்கு மேல்.

நாளைக்கே ஒரு வீடியோ வைரலாகி நூறு ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள்? வீடியோ ஆர்டரைப் பெருக்கும், கையைப் பெருக்காது. கைவேலையைத் தொழிலாக்குகிற பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஆர்டர் வராதபோது தாக்குப்பிடித்தவர்கள்கூட, ஆர்டர் குவியும்போது தேதி தவறிப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பிளவுஸை விட்டுவிடாமல், அதன் பக்கத்திலேயே உங்கள் கை நேரத்தை இந்த அளவுக்குத் தின்னாத இன்னொரு வருமானம் வேண்டும். அது என்ன என்பதை உங்கள் கமென்ட் பெட்டி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊசி கேட்கிறவர்தான் வாடிக்கையாளர்

ஆரி வீடியோவை உட்கார்ந்து பார்க்கிறவர்களில் கல்யாணப் பெண்கள் குறைவு. பெரும்பாலும் ஆரி கற்றுக்கொள்கிறவர்களும், உங்களைப்போலவே வீட்டில் போடுகிறவர்களும்தான் பார்க்கிறார்கள். அவர்கள் உங்களிடம் பிளவுஸ் வாங்க மாட்டார்கள். ஊசியும் நூலும் மணியும் வாங்குவார்கள், வகுப்புக்கு வருவார்கள்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஹாமில்டன் என்ற சிற்றூரில் ஜென்னி டோன் என்ற அம்மாள் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். 2008-இல் பிள்ளைகள் பெரிய தையல் இயந்திரம் வாங்கித் தர, பிறர் கொண்டுவரும் போர்வைகளைத் தைத்துக் கொடுக்கும் தொழிலில்தான் குடும்பம் இறங்கியது. பிறகு மகனின் யோசனைப்படி யூடியூபில் இலவசமாகத் தைக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பார்த்துக் கற்றவர்கள் அந்தத் தையலுக்கு வேண்டிய, முன்கூட்டியே வெட்டி அடுக்கிய துணிக் கட்டுகளை அவர்களிடமே வாங்கினார்கள். மிசௌரி ஸ்டார் என்ற அந்த நிறுவனம் இன்று அந்த ஊருக்கே பிழைப்பு தருகிறது. பாடம் இலவசம், பொருள் விலைக்கு. அவர்கள் கணக்கு அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் 20 பயிற்சிக் கிட்கள் மட்டும் தயார் செய்யுங்கள். ஒரு ஊசி, சின்ன வட்ட ஃபிரேம், டிசைன் வரைந்த துணி, நூல், அளந்து போட்ட மணியும் கல்லும். ஒரு கிட்டுக்கு ஒரு வீடியோ. கிட்டில் உள்ள அதே பூவை வீடியோவில் முதல் தையலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்டுங்கள். மணியைச் சில்லறையில் வாங்கினால் லாபம் நிற்காது. சென்னை சௌகார்பேட்டை போன்ற மொத்த விற்பனை இடங்களில் விலை விசாரியுங்கள். பொருள், பெட்டி, கூரியர், பேக்கிங் செய்யும் உங்கள் நேரம், உடைந்து திரும்பும் ஒன்றிரண்டு எல்லாவற்றையும் கூட்டிவிட்டு விலை வையுங்கள். பணம் வந்த பிறகே அனுப்புங்கள். 20 கிட்டும் விற்றால் அடுத்த டிசைன். விற்காவிட்டால் முடங்குவது சிறிய தொகைதான்.

வீடியோ எடுப்பதிலும் ஒரு மாற்றம் வேண்டும். சங்கிலித் தையலில் நூல் துணிக்கு அடியில் இருக்கிறது. கீழே இருக்கும் கை அதைப் பிடித்து ஊசிக்குக் கொடுக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு வராத இடம் அதுதான். பல வீடியோக்களில் மேல் கை மட்டும் தெரியும். நீங்கள் கீழ்க் கையையும் காட்டுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ஒரு போன் ஸ்டாண்டும் போதும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகக்கூடும். யூடியூபின் இலவச ஆடியோ நூலகத்திலிருந்து எடுங்கள், அல்லது நீங்களே பேசிக்கொண்டு போடுங்கள். நீங்கள் டீச்சர், வகுப்பெடுத்த அந்தக் குரல்தான் உங்கள் பலம். எட்டுப் பேர் கொண்ட ஆன்லைன் வகுப்பு ஒன்றை விடுமுறையில் நடத்திப் பாருங்கள்.

கல்யாண ஆர்டருக்கு நாடு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. கும்பகோணத்தையும் தஞ்சாவூரையும் சுற்றித் தெரிந்தால் போதும். அதற்கு இன்ஸ்டாகிராமில் முடித்த பிளவுஸ்களை ஊர்ப் பெயரோடு போடுங்கள். மணப்பெண்ணின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். பாதிப் பணம் முன்பணம். டிசைன், தேதி, விலை மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். விலையையும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

மறக்கக் கூடாத காரியங்கள்

2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் கடை இல்லாமல் போனது. வாங்கியவர்களின் பெயர், எண், வாங்கிய பொருள் மூன்றையும் ஒரு நோட்டில் உங்கள் கைவசம் வைத்திருங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம், பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கோ கேரளத்துக்கோ பொருள் அனுப்பி விற்றால், வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு கேட்பார்கள். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதல் வெளிமாநில பார்சலுக்கு முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள். ஏதாவது கடை இலவசமாகப் பொருள் கொடுத்து வீடியோ போடச் சொன்னால், அது விளம்பரம் என்பதை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். சட்டம் அதைக் கேட்கிறது. பார்ப்பவர்களின் நம்பிக்கையும் கேட்கிறது.

வேலையை எப்போது விடலாம்? தையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் நெருங்க நெருங்க பிளவுஸ் ஆர்டர் தானாக வரும். அந்தச் சூட்டில் ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த இரண்டு மாதங்களிலும் கிட், வகுப்பு, மிச்சமிருக்கும் ஆர்டர் எல்லாம் சேர்ந்து, செலவு போக 14,000 ரூபாய் கையில் நின்றால் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் பள்ளியில் சொல்லிவிடுங்கள். நிற்காவிட்டால் இன்னொரு ஆண்டு இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.