தோலைக் காக்கும் வைட்டமின் சி: கடைக்காரர் அறிய வேண்டியவை

"இதைக் குடித்தால் தோல் பளபளப்பாகுமா?" என்று நெல்லிச்சாறு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் கேட்கிறார். சரக்கை விற்கும் நாம் அதற்குச் சரியான பதிலையும் அறிந்திருக்க வேண்டும்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். தோலின் உள் அடுக்கில் உள்ள செல்கள் இதைத் தயாரிக்கின்றன. மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது இது. முறுக்கு தளராமல் நிற்க வைட்டமின் சி தேவை. இச்சத்தை நம் உடல் தானாகச் செய்துகொள்வதில்லை. உணவிலிருந்துதான் பெற வேண்டும். நெடுநாள் கிடைக்காவிட்டால் ஈறுகளில் இரத்தம் கசியும். தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றும். புண்கள் எளிதில் ஆறா. இதுவே ஸ்கர்வி நோய்.

1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட ஜோடியே விரைந்து தேறியது. ஆனால், சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கப்பலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கூறிய யோசனை பலிக்கவில்லை. காய்ச்சியதில் சத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று.

வணிகர்களாகிய நமக்குப் பாடம் இதில்தான் இருக்கிறது. வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் வைட்டமின் சி-க்குப் பகை. எனவே நெல்லி, கொய்யா, எலுமிச்சை, குடைமிளகாய், கீரை வகைகளை வெயில் படும்படி கடை வாசலில் அடுக்க வேண்டாம். சாறு பாட்டில்களை நிழலில் வைப்போம். முதலில் வந்த சரக்கை முதலில் விற்போம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். நடுத்தர அளவுக் கொய்யா ஒன்றே இதற்குப் போதும். தேவைக்கு மேல் உட்கொள்வதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஆகவே, "தோலின் நலத்துக்கு இச்சத்து அவசியம்" என்று தாராளமாகச் சொல்லலாம். "நிறம் சிவக்கும், சுருக்கம் மறையும்" என்று பலகை எழுதி வைப்பது கூடாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம், வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால் திரும்ப வராது. எடையில் நேர்மை காக்கும் நாம் சொல்லிலும் அதைக் காப்போம்.