கைப்பிடிச் சுவர் எழும் முன்னே: உயரத்தில் உழைப்போரின் உயிர்ப் பாதுகாப்பு



வானூர் வட்டத்தில் இன்று புது வீடு எழும்பாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கோட்டக்குப்பத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களிலும் ஒரு தளம், இரண்டு தளம் என்று வீடுகள் உயர்கின்றன. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறவர் நம் சகோதரர். அந்த வீட்டின் சாரத்தில் நின்று பூசுகிற கொத்தனாரும், கலவை சுமக்கிற சித்தாளும், ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கிறவரும் நம் சகோதர சகோதரிகளே. ஆகவே இந்த மாதப் பாடம் இரு தரப்பாருக்கும் உரியது.

நபிமொழி காட்டும் வழி

தடுப்பு இல்லாத மொட்டை மாடியில் இரவில் உறங்குகிறவரிடமிருந்து பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஒன்று அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளது. இதை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். உறக்கத்தில் புரள்வது மனித இயல்பு. புரளாதே என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. ஓரத்தில் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் கையில் உள்ளது.

வேலைத்தளத்திலும் இதுவே நிலை. ஈரப் பலகையில் கால் வழுக்கும். மதிய வெயிலில் தலை சுற்றும். கீழிருந்து யாராவது கூப்பிட்டால் கவனம் சிதறும். "பார்த்து வேலை செய்யுங்கள்" என்று சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கால் தவறினாலும் உயிர் போகாதபடி ஓரத்தை முன்கூட்டியே அடைக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு "அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் நம் அலட்சியத்தை மறைக்க அதைத் திரையாக்கக் கூடாது.

பத்தடியும் உயரமே

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியில் சாரம் சரிந்து, பிழைப்புக்காக வந்திருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் உயிரிழந்தார்கள். நாடே அதைப் பேசியது. ஆனால் ஒரு தள வீட்டின் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அது செய்தியாவதில்லை. "பத்தடிதானே" என்று நாமும் எளிதாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். பத்தடி உயரத்திலிருந்து விழுகிறவர் ஒரு விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவும் நேரம் இல்லை. தலையோ முதுகெலும்போ முதலில் மோதினால் உயிர் போகலாம், அல்லது வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடக்க நேரலாம்.

பெல்ட் மட்டும் போதுமா?

"பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டேன்" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும்போது முதுகையும் வயிற்றையும் முறித்துவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதையும் எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம்.

பெல்ட்டின் கயிறு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் காலடி மட்டத்தில் உள்ள கம்பியில் மாட்டிவிட்டு விழுந்தால், கயிறு இறுகும்போது முதுகில் உள்ள வளையம் 2 மீட்டர் கீழே வந்திருக்கும். கால்கள் அதற்கும் ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும். ஆக மூன்றரை மீட்டர். அதிர்ச்சி தாங்கி விரிந்தால் இன்னும் ஒரு மீட்டர் கூடும். அவர் நின்ற தளமோ 3 மீட்டர் உயரம்தான். கயிறு இறுகும் முன்பே அவர் தரையில் மோதிவிடுவார்.

எனவே பெல்ட்டை எப்போதும் தலைக்கு மேலே, உறுதியான இடத்தில், குட்டையான கயிற்றில் மாட்ட வேண்டும். நம் ஊரின் ஒரு தள, இரு தள வீடுகளில் ஓரத் தடுப்பே முதல் பாதுகாப்பு. பெல்ட் அதற்கு அடுத்தது.

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. சாரம்: வெடித்த, பூச்சி அரித்த சவுக்குக் கட்டைகளை ஒதுக்குங்கள். வெயிலில் கிடந்து நைந்த கயிற்றை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். மரக்காணம் உப்பளக் காற்று வீசும் நம் பகுதியில் இரும்புக் குழாயும் கிளாம்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாடகைக்கு எடுக்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாரத்தைக் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

2. பலகையும் தடுப்பும்: ஒற்றைப் பலகையில் நிற்க வேண்டாம். பலகைகளை நெருக்கமாகப் பரப்பி, இரு முனையிலும் கட்டுங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கம்பும் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பும் குறுக்கே ஓடட்டும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் எழும்வரை நான்கு ஓரத்திலும் இந்தத் தடுப்பு வேண்டும்.

3. திறந்த பள்ளங்கள்: படிக்கட்டு வழி, லிஃப்ட் குழி, தளத்தில் விட்ட துவாரம் எல்லாவற்றையும் மூடி, மூடிய பலகையை ஆணி அடித்து நிறுத்துங்கள். சும்மா கிடக்கும் பலகை என்று எண்ணித் தூக்குகிறவர் அந்தப் பள்ளத்திலேயே காலை வைத்து விழுவது உண்டு.

4. ஏணி: நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அடிப்பக்கம் சுவரைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். ஏறிச் சேரும் தளத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருக்கட்டும். மேல்முனையைக் கட்டுங்கள். தலைச்சுமையோடு யாரும் ஏணி ஏறக் கூடாது. சித்தாளாக வரும் சகோதரிகளுக்குச் சுமையைக் கப்பி கட்டி ஏற்றிக் கொடுங்கள்.

5. ஷீட் கூரை: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இப்படி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கூரையைச் சரிசெய்ய அவசரமாக மேலே ஏறுகிறோம். பழைய சிமெண்ட் ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. முடிந்த வேலையைக் கீழிருந்து செய்யுங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று சட்டங்களின் மேல் படியும்படி அகலமான பலகை போட்டு அதன் மேல் மட்டும் நகருங்கள்.

6. மின்கம்பி: வீட்டை ஒட்டிக் கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே சாரம் கட்டுங்கள். அலுமினிய ஏணியைக் கம்பியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மழையிலும் பலத்த காற்றிலும் சாரத்தில் ஏற வேண்டாம். நோன்பு நாட்களில் உயர வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரின் அமானத்

வளைகுடாவில் பச்சை அட்டை தொங்காத சாரத்தில் நம்மவர் ஏறுவதில்லை. ஏறினால் வேலை போகும் என்று தெரியும். அதே சகோதரர் ஊரில் வீடு கட்டும்போது, தம் சாரத்தில் ஒருவர் செருப்புக் காலோடு ஒற்றைப் பலகையில் நிற்பதைப் பார்த்தும் பேசாமல் போகிறார். அங்கே உயிருக்கு ஒரு விலை, இங்கே ஒரு விலை என்று உண்டா?

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது மிகக் குறைந்த தொகை சொன்னவரையே பிடிக்கிறோம். அந்தக் குறைந்த தொகைக்குள் நல்ல பலகையும் தடுப்பும் அடங்கியிருக்காது. ஒப்பந்தம் பேசும் நாளிலேயே மேஸ்திரியிடம், "சாரத்துக்கும் தடுப்புக்கும் தனியாகத் தருகிறேன், அது இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். வாசல் கதவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

தொழிலாளர்களும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 1994 முதல் இயங்கும் இந்த வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை உண்டு.

யாராவது விழுந்துவிட்டால்

கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அதனாலேயே கைகால் செயலிழந்து போகலாம். 108-ஐ அழையுங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தண்ணீர் புகட்ட வேண்டாம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். பெல்ட்டில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும். அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கமும் மரணமும் நேரலாம்.

வீட்டில் கலந்து பேச

உங்கள் தெருவில் இப்போது நடக்கும் கட்டுமானத்தில் ஓரத் தடுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அதை யாரிடம், எப்படி இதமாக எடுத்துச் சொல்வீர்கள்? உங்கள் வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் குழந்தைகளுக்குப் போதுமான உயரத்தில் இருக்கிறதா?

ஓர் உயிரைக் காப்பது மனிதர் அனைவரையும் காப்பது போன்றது என்பது குர்ஆன் தரும் போதனை. காலையில் வேலைக்குப் போன ஒவ்வொருவரும் மாலையில் தம் பிள்ளைகளிடம் நலமாகத் திரும்ப, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. அதற்கான தடுப்பை நம் கையாலேயே கட்டும் பொறுப்புணர்வையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.