தீவனச் சோளம் விதைக்கத் தக்க நாள்

கரிசற்காட்டில் மாடு வைத்திருப்போருக்கு மாசி பிறந்தால் கவலையும் பிறக்கும். மேய்ச்சல் காய்ந்துவிடும், தீவனத்தை விலைகொடுத்து வாங்க நேரும். அந்நாளில் நம் வீட்டுப் படப்பில் சோளத்தட்டை இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் விதைத்த நாளைப் பொறுத்தன. ஆகையால் மானாவாரித் தீவனச் சோளத்தை என்று விதைப்பது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், மழை முடியும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி, டிசம்பர் இறுதியில் ஓய்கிறது. தீவனச் சோளம் பூப்பதற்கு இரகத்திற்கேற்ப 60 முதல் 70 நாட்கள் ஆகும். கார்த்திகை பிறந்தபின் விதைத்தால், பயிர் வளரும்போதே மழை நின்றுவிடும். பிந்திய விதைப்பில் குருத்து ஈயின் தொல்லையும் மிகுதி.

அப்படியாயின் முதல் தூறலிலேயே விதைக்கலாமா? அதுவும் ஆகாது. மேல்மண் மட்டும் நனைந்தால் விதை முளைக்கும். அடுத்த மழை தாமதித்தால் முளை கருகும். விதையும் உழைப்பும் வீணாகும்.

இவ்விரு இடர்களுக்கும் நடுவே நல்ல வழியொன்று உண்டு. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கரிசல் மானாவாரிக்குப் பரிந்துரைக்கும் முன்பருவ விதைப்பே அது. புரட்டாசியில், பருவமழைக்கு முன்னரே, புழுதியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். சிறு தூறல் அவ்வாழத்தை எட்டாது. சுமார் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் விதை முளைக்கும். ஆழம் குறைந்தால் இப்பயன் இல்லை.

முன்விதைப்புச் செய்யாதோர் நல்ல மழைக்குப்பின் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்க்கவும். அடிமண்ணைக் கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஈரம் அவ்வளவு இறங்கியிருந்தால் அன்றே விதைக்கலாம்.

இதில் மாட்டின் உயிரும் அடங்கியுள்ளது. இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டாகிறது. வறட்சியில் வாடிய பயிரிலும், வாடியபின் மழை கண்டு துளிர்த்த பயிரிலும் அது மிகும். பயிர் கெட்டுவிட்டதே, மாடாவது மேயட்டும் என்று அவிழ்த்துவிடுவது பேராபத்து. மேய்ந்த மாடு மூச்சிரைத்து நடுங்கினால், ஒரு நொடியும் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பாதிப் பயிர் பூத்தபின் அறுத்து, நன்கு உலர்த்திப் படப்பில் சேர்ப்பதே நலம்.

ஆவணியிலேயே விதையைத் தேடிக்கொள்வோம். நூறு விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். வானம் கறுக்கும்போது விதைக்கு அலைவதைவிட, விதையை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பது மேல்.