பழைய மடிக்கணினியும் நினைவக விரிவும்

கூட்டுறவுச் சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணம். பங்குத் தொகையாகவும் சேமிப்பாகவும் சிறுகச் சிறுகச் சேர்ந்தது அது. சங்க அலுவலகத்தின் மடிக்கணினி மந்தமாகிவிட்டது, புதியது வாங்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் வருமாயின், "பழையதைச் சீர்செய்து பார்த்தோமா?" என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அக்கேள்வியை விஷயமறிந்து கேட்க உதவுவதே இப்பாடத்தின் நோக்கம். பிள்ளைகளின் படிப்பிற்காகப் பழைய கணினி வாங்கியுள்ள குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

நினைவகம் யாது?

கணினியில் தகவல் தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வட்டு, கணக்குகளும் கடிதங்களும் நிலையாக வைக்கப்பெறும் கிடங்கு அது. மற்றொன்று நினைவகம், கடைக்காரர்கள் 'ரேம்' என்பது இதனையே. அவ்வப்போது நடைபெறும் வேலைக்கு வேண்டியவை மட்டும் இதில் இருக்கும். மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும்.

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் அருகே தார்க்கூடை இருக்கிறது. நூற்கிடங்கு அப்பால் இருக்கிறது. கூடை போதிய அளவுடையதாயின் நெசவு தடையின்றி நடக்கும். அதில் நான்கு தார்களே கொள்ளுமாயின், அவர் அடிக்கடி எழுந்து செல்ல நேரும். அவருடைய கைவேகம் குறையவில்லை. காலமெல்லாம் நடையில் கழிகிறது. நினைவகம் போதாத கணினியும் இவ்வாறே வட்டிற்கும் நினைவகத்திற்கும் இடையே அலைகிறது. கூலி வாங்க வந்த அங்கத்தினர் காத்து நிற்கிறார்.

குறையை முதலில் அறிக

பயிர் மஞ்சளித்தால் தண்ணீர்க் குறை என்று உடனே முடிவுகட்டலாகாது. வேரழுகலும் காரணமாக இருக்கலாம். கணினிக்கும் அப்படியே.

விண்டோஸ் கணினியில் 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் நினைவகத்தின் நிலையைக் காணலாம். வழக்கமான வேலைகள் யாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தல் வேண்டும். நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் நிரம்பி, வட்டும் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தால் குறை நினைவகத்தினது. நினைவகம் பாதியளவே நிரம்பியிருக்க, வட்டு மட்டும் நூறு பங்கும் உழைத்தால் குறை வட்டினது. அப்போது சுழல் வட்டை நீக்கி 'எஸ்எஸ்டி' பொருத்துவதே முதல் வேலை. நினைவகத்திற்குச் செலவிடுவது வீண்.

பொருத்தம் பார்த்தல்

எல்லாக் கணினிகளிலும் நினைவகத்தை மாற்ற இயலாது. ஆப்பிள் 'மாக்புக் ஏர்' போன்றவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. மாற்றக்கூடியதற்கு உதாரணமாக, 2012-இல் வெளிவந்த லெனோவா 'திங்க்பேட் எக்ஸ்230' கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் நினைவக அட்டைக்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 8 கிகாபைட் வீதம் 16 கிகாபைட் வரை பொருத்தலாம். அதற்கு உரியது மடிக்கணினிக்கான 'டிடிஆர்3' அட்டை. 204 முனைகள் கொண்டது. பிற்காலத்து 'டிடிஆர்4' அட்டைக்கு முனைகள் 260. அது இதில் நுழையவே நுழையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'டிடிஆர்3' 1.5 வோல்ட்டில் இயங்குவது. 'டிடிஆர்3எல்' 1.35 வோல்ட்டிலும் இயங்கவல்லது. இரண்டிற்கும் வெட்டுவாய் ஒரே இடத்தில் இருப்பதால், கண்ணால் பார்த்து வேற்றுமை காண்பது கடினம். 'எல்' வகையை இரண்டிலும் பயன்படுத்தலாம். ஆனால் 'எல்' வகையே வேண்டும் என்னும் கணினியில் 1.5 வோல்ட் அட்டையைப் பொருத்தலாகாது. ஆகையால் அட்டையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தே வாங்குக. இரண்டு இடங்களிலும் சம அளவுள்ள அட்டைகள் இருப்பின், அவை இணைந்து உழைத்துக் கூடுதல் வேகம் தரும்.

32-பிட் விண்டோஸ் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. அத்தகைய கணினியில் 64-பிட் இயங்குதளம் இன்றி நினைவகத்தைப் பெருக்குவதால் பயனில்லை.

பொருத்தும் முறை

1. கணக்குகளை வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைக்கவும். நினைவகத்தை மாற்றுவதால் வட்டிலுள்ளவை அழியா. எனினும் முன்ஜாக்கிரதை நன்று.

2. கணினியை முற்றிலும் நிறுத்தி, மின்கம்பியை எடுத்து, மின்கலத்தைக் கழற்றவும். பின்பு தொடக்க விசையைச் சில விநாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தைப் போக்கவும்.

3. வறண்ட நாளில் பட்டு இழையும் பாலியெஸ்டர் இழையும் கையில் ஒட்டிக்கொள்வதை நெசவாளர் அறிவர். அந்த நிலைமின்சாரமே அட்டைக்குப் பகை. பஞ்சு பறக்காத இடத்தில், பருத்தி உடையுடன் அமர்ந்து, வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டபின் வேலையைத் தொடங்குக. அட்டையை ஓரத்தில் மட்டும் பிடிக்கவும். பொன்னிற முனைகளைத் தொடலாகாது.

4. எக்ஸ்230-இன் அடிப்புறத்துச் சிறு மூடியைத் திறந்தால் அட்டைகள் தெரியும். இரு பக்கப் பிடிகளையும் வெளிப்புறமாக விலக்கினால் பழைய அட்டை சாய்வாக எழும். புதியதை அதே சாய்வில், வெட்டுவாய் பொருந்தச் செருகி, கீழ்நோக்கி அழுத்தினால் பிடிகள் 'டக்'கென்று பற்றிக்கொள்ளும். அட்டை இணங்காவிடில் பலவந்தம் செய்யாது, எடுத்து மீண்டும் செருகவும்.

5. மின்கலத்தை மாட்டிக் கணினியை இயக்கி, மொத்த அளவு சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கவும். திரை இருண்டே இருந்தால் அட்டை சரியாக அமரவில்லை என்று கொண்டு, மறுபடியும் மின்சாரம் நீக்கிச் சரிசெய்க. பின்பு விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஒருமுறை நடத்தி, அதன்பின்னரே சங்கக் கணக்கைத் திறக்கவும்.

வரம்பையும் அறிக

நினைவக விரிவு எல்லா நோய்க்கும் மருந்தன்று. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. எக்ஸ்230 போன்ற கணினிகள் விண்டோஸ் 11-க்கு ஏற்றவையாக அங்கீகரிக்கப்படவில்லை. இவற்றில் 64-பிட் லினக்ஸ் நிறுவிக் கடிதமும் பட்டியலும் எழுதலாம். பிள்ளைகள் பாடம் படிக்கலாம். ஆனால் சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸிலன்றி இயங்காது, இணையத் தொடர்பும் இன்றியமையாதது என்னும் நிலை இருந்தால், அங்கத்தினரின் பணக்கணக்கைக் காவலற்ற யந்திரத்தில் வைப்பது சிக்கனமாகாது. அப்போது புதியது வாங்கும் தீர்மானத்தை மனமுவந்து ஆதரிப்பதே முறை.

செலவு செய்யாதிருப்பது மட்டும் சிக்கனமன்று. ஆராய்ந்து செய்வதே சிக்கனம்.

கலந்தாலோசிக்க வினாக்கள்

1. நம் சங்கக் கணினியில் வேலை மிகுந்த நேரத்தில் நினைவகம் எத்தனை பங்கு நிரம்புகிறது? வட்டின் நிலை என்ன?

2. அதில் பொருத்தக்கூடிய அட்டை எவ்வகையினது? இடம் காலியாக உள்ளதா?

3. அதன் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?