அம்மிணிக்கு என்ன பெயர்?

ஒரு பெயர் ஆளை எவ்வளவு பாடுபடுத்தும் என்று தெரிய வேண்டுமா? திருப்பூர் வீரபாண்டிப் பிரிவைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் பி.எஃப். பணம் எடுக்க அலையும் பெண்களைக் கேளுங்கள். ஆதாரில் முன்னெழுத்து பின்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இருக்காது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம், கம்பெனியின் ஒப்புதல், நாலு நடை. ஷிப்டை விட்டுவிட்டு நடந்தால் அன்றைய சம்பளமும் போச்சு. இத்தனைக்கும் காரணம், யாரோ அவசரமாகச் சொல்லி, யாரோ காதில் விழுந்தபடி எழுதிவிட்ட பெயர்.

மகளுக்குப் பழைய, நிலைத்த பெயராக வைக்க ஆசைப்படுகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பழைய பெயர்கள் அழகுக்கு மட்டுமல்ல, காகிதத்துக்கும் நல்லவை. அவை எல்லோருக்கும் சொல்லவும் எழுதவும் பழகிய பெயர்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் இரண்டு பாட்டிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆத்தாவின் பெயர், அமுச்சியின் பெயர். முடிந்தால் அவர்களுடைய அம்மாக்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். இந்தத் தலைமுறைக்குப் பின் அதைச் சொல்ல ஆள் இருக்காது. ராமாத்தாள், பழனாத்தாள், நாச்சம்மாள், செல்லம்மாள், அருக்காணி என்று வரிசையாக வரும். அருக்காணி என்றதும் இன்று சிலர் சிரிக்கிறார்கள். சினிமா அதைப் பட்டிக்காட்டுப் பெண்ணுக்கான பட்டமாக ஆக்கிவிட்டது. ஆனால் அண்ணன்மார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் தங்கை அவள். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் அந்தக் கதையில் அருக்காணி அழும் இடத்தில் கூட்டமும் சேர்ந்து அழும். அந்த அண்ணன்மாரைப் பெற்றவள் தாமரை. இன்றைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய பெயர் அது.

கோயில் பக்கமும் பாருங்கள். அவிநாசியில் கருணாம்பிகை, பேரூரில் பச்சைநாயகி, பவானியில் வேதநாயகி. பெயர் நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கருணா, வேதா என்று வாய் தானாகச் சுருக்கிக்கொள்ளும்.

நூல்களில் தேடுகிறவர்களுக்குக் குறையே இல்லை. பெரியாழ்வார் வளர்த்த மகளான ஆண்டாளுக்குக் கோதை என்று பெயர். இரண்டே எழுத்து, எந்த ஊர்க்காரரும் சொல்லிவிடலாம். ராஜராஜனின் அக்கா குந்தவை, அப்பரின் அக்கா திலகவதி, காரைக்கால் அம்மையாரின் இயற்பெயரான புனிதவதி, சங்கப் புலவர்களில் ஆதிமந்தி. பெருங்கதையை எழுதிய கொங்குவேளிர் நம்மூர்க்காரர்தான். ரயிலில் ஈரோடு போகும் வழியில் வருகிற விசயமங்கலம் அவர் ஊர். அந்தக் காவியத்தில் வாசவதத்தையின் தோழி காஞ்சனமாலை. பெயரைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இனிமை!

பிடித்த பெயரை வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பமோ பீகார்க் குடும்பமோ இருந்தால் அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகளோடுதான் உங்கள் மகள் விளையாடப் போகிறாள்.

இரண்டாம் பெயர் கட்டாயம் வேண்டும். நம் வழக்கத்தில் ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும் போதும்; பாஸ்போர்ட்டுக்குப் போதாது. அங்கே முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று பொருள். ஏற்றுமதித் தொழில் நடக்கிற ஊரில் உங்கள் மகள் நாளைக்கு எந்த நாட்டுக்கும் வேலையாகப் போவாள். தந்தை பெயரை முழுதாக வையுங்கள், அல்லது தாய் பெயரை. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும். எனக்குப் பிடித்த வழி வேறு: கோதை நாச்சம்மாள், தாமரை செல்லம்மாள் என்று பாட்டியை நடுவில் உட்கார வைத்து, தந்தை பெயரைக் கடைசியில் எழுதுவது. பாட்டி பெயரையே முதல் பெயராக வைக்கத் தயங்குகிற வீட்டில் சண்டையும் தீரும்.

நாள் கணக்கை நினைவில் வையுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஆகவே பிரசவ வார்டில் அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிட வேண்டாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்வதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஏறும் எழுத்துதான் எங்கும் போகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிய தாளைக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். கர்ப்ப காலத்தில் பிக்மி (கர்ப்பப் பதிவு) எண் வாங்கும்போது கொடுத்த தாயின் பெயரும் ஆதாரும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு 'ஏ'வும் ஒரு 'எச்'சும் கூடுதலாகச் சேர்க்காதீர்கள். அந்தக் கூடுதல் எழுத்தைத் தட்டச்சு செய்கிறவர் விட்டுவிடுவார். பிறகு ஆயுள் முழுக்கத் திருத்தம்தான்.

நட்சத்திர எழுத்தைக் காரணம் காட்டி வாயில் நுழையாத பெயரை வைக்காதீர்கள். அசுவினிக்குச் சு, சே, சோ, ல என்றால் சுந்தரி இல்லையா, லலிதா இல்லையா?

இந்த வருஷத்து சீரியல் நாயகி பெயர் வேண்டாம். வகுப்பில் நாலு பேருக்கு அதே பெயர் இருக்கும்.

குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் சாதிப் பெயரை எழுதாதீர்கள். அதை ஒட்ட வேண்டாம் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டாயிற்று. கட்டம் காலியாக இருக்கிறதே என்று பெண் குழந்தையின் தலையில் அதை மறுபடி ஏற்றுவது பெரிய பின்னடைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் பிள்ளைக்கு ஏங்கி அந்த ஏக்கத்தைப் பெண்ணின் பெயரில் எழுதாதீர்கள். போதும்பொண்ணு என்ற பெயரோடு வளர்ந்தவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் 'வேண்டாம்' என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப் பெயர் வாங்கிய ஒரு பெண் பொறியியல் படித்து ஜப்பான் நிறுவனத்தில் வேலை பெற்ற செய்தி 2019-இல் வெளியானது. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்ற பொருளில் நகுசா, நகுஷி என்று அழைக்கப்பட்ட 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. வருகைப் பதிவேடு திறக்கும் ஒவ்வொரு காலையும் தன்னை யாரும் கேட்கவில்லை என்று ஒரு குழந்தை காதால் கேட்டுக்கொண்டே வளர்வது கொடுமை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தால் அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே மாற்றிப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் புதுப் பெயரிலேயே கைக்கு வரும்.