வீட்டிலிருந்தே வேலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘வீட்டிலிருந்தபடியே தினமும் 3,000 ரூபாய் சம்பாதிக்கலாம்’ என்ற செய்தி வராத கைபேசி இன்று அரிது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சேர்க்க நினைக்கும் பெண்கள், வேலை தேடும் பட்டதாரிகள், ஓய்வுபெற்றவர்கள் ஆகியோரைக் குறிவைத்தே இந்த வலை விரிக்கப்படுகிறது. பகுதிநேர வேலை, முதலீடு என்று சொல்லி மோசடி செய்துவந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. ஆனால், ஒன்றை மூடினால் இன்னொன்று வேறு பெயரில் வந்துவிடுகிறது. சிலவற்றை நாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் மோசடிக்காரர்களின் முதலீடு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: “முதலில் பணம் போட்டார்கள். அதனால் இது உண்மையான வேலைதான்.”

உண்மை: பலரைக் கவிழ்ப்பது இந்த முதல் பணம்தான். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுவது, கூகுள் மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது என்று எளிய வேலை தருவார்கள். சொன்னபடி 150 ரூபாய் கணக்கில் விழும். நம்பிக்கை வந்ததும் டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ தொடங்கும். 1,000 ரூபாய் கட்டினால் 1,300 ரூபாய் திரும்பி வரும். அடுத்து 10,000, பிறகு 50,000 கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வராது. ‘டாஸ்க்கில் தவறு செய்துவிட்டீர்கள்’, ‘வரி கட்டினால்தான் விடுவிப்போம்’ என்று மேலும் கேட்பார்கள். கட்டியதை மீட்கும் தவிப்பில் நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. திரையில் தெரிவது வெறும் எண். உங்கள் பணம் அதற்குள் பல கணக்குகள் கைமாறிப் போயிருக்கும். ‘எனக்கு வந்துவிட்டது’ என்று குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் மோசடிக்காரர்களின் ஆட்களே.

நம்பிக்கை 2: “பதிவுக் கட்டணமும் டெபாசிட்டும் எல்லா இடத்திலும் வாங்குவதுதான்.”

உண்மை: வேலை செய்தவருக்கு முதலாளி பணம் தர வேண்டும், வேலை கேட்பவர் முதலாளிக்குத் தரக் கூடாது. பயிற்சி, லேப்டாப், அடையாள அட்டை என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 3: “ஜிஎஸ்டி எண், கம்பெனிச் சான்றிதழ் எல்லாம் காட்டினார்கள்.”

உண்மை: இன்னொரு நிறுவனத்தின் சான்றிதழையும் லோகோவையும் எடுத்து ஒட்டுவது சில நிமிட வேலை. சான்றிதழ் அசலாகவே இருந்தாலும், அப்படியொரு நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே சென்று அங்குள்ள எண்ணில் விசாரியுங்கள். நேர்காணலே இல்லாமல் வாட்ஸ்அப்பில் நியமன உத்தரவு வந்தால், அதுவே எச்சரிக்கை மணி.

நம்பிக்கை 4: “ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அபராதம் கட்டாவிட்டால் போலீஸ் வரும்.”

உண்மை: இது டேட்டா என்ட்ரி மோசடியின் முறை. நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்த பிறகு, ‘பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். தட்டச்சுப் பிழைக்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஒப்பந்தத் தகராறு என்பது சிவில் வழக்கு. அதையும் நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். வீடியோ அழைப்பில் ‘உங்களைக் கைது செய்துவிட்டோம்’ என்று மிரட்டினாலும் அஞ்சாதீர்கள்; அப்படி ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்திலேயே இல்லை. பயந்து ஒரு முறை கட்டினால், கேட்பது நிற்காது.

நம்பிக்கை 5: “என் கணக்கில் வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றினால் கமிஷன் தருகிறார்கள். எனக்கென்ன நஷ்டம்?”

உண்மை: அப்படி வருவது இன்னொருவர் ஏமாந்து இழந்த பணமாக இருக்கலாம். புகார் வந்ததும் போலீஸ் முதலில் தேடுவது கணக்கின் உரிமையாளரைத்தான். கணக்கு முடக்கப்படும், வழக்கிலும் சிக்குவீர்கள். வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டு, சிம் கார்டு ஆகியவற்றை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.

நம்பிக்கை 6: “போனது போனதுதான். வெளியே சொன்னால் அவமானம்.”

உண்மை: உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 1930 என்ற எண்ணை அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணப் பரிமாற்ற எண், உரையாடல்கள், ஸ்கிரீன்ஷாட்கள் எதையும் அழிக்காதீர்கள். வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள். ‘கட்டணம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அது இரண்டாவது மோசடி.

ஏமாந்தவர்களில் படித்தவர்களும் விவரம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘இதுகூடத் தெரியாதா?’ என்று வீட்டில் யாரையும் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே லாபம். உங்கள் வீட்டில் யாராவது ஆன்லைன் வேலை தேடிக்கொண்டிருந்தால், இன்றே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 1930 என்ற எண்ணை அவர் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.