நுரையீரலுக்கு அப்பாற்பட்ட காசநோயும் குருதிச் சோதனையும்

காசநோய் என்றவுடன் இருமலும் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நம் நாட்டில் பதிவாகும் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கணுக்கள், நுரையீரல் உறை, முதுகெலும்பு, குடல், மூளையுறை போன்ற இடங்களில் தங்குகிறது. இவர்களிற் பலருக்குச் சளி வெளிப்படுவதே இல்லை. ஆகவே, எளிதிற் கிடைக்கும் குருதிச் சோதனையை நாடுவது இயல்பே. அச்சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நலத்திட்ட அலுவலர்களும் அறிந்திருத்தல் வேண்டும். பிழையின் விலையைச் செலுத்துவது நோயாளியின் குடும்பமன்றோ?

இந்நோயில் குருதி மாறுபடுவது உண்மை. சிவப்பணுக்கள் படியும் வேகம், அதாவது ஈ.எஸ்.ஆர்., பெரும்பாலும் உயர்கிறது. ஹீமோகுளோபின் குறைகிறது. இக்குறைவு உணவில் இரும்புச்சத்துப் போதாமையால் மட்டும் நேர்வதன்று. நெடுநாள் அழற்சியின்போது உடல் தன் இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறது. கிடங்கில் தானியம் இருந்தும் கடைக்கு வராத நிலையை ஒத்தது இது. எனவே இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. காசநோய்க்கான சிகிச்சை தொடங்கிய பின்னரே பலருக்குக் குருதி தேறுகிறது. தட்டணுக்கள் மிகுவதுண்டு. நோய் உடலெங்கும் பரவி எலும்பு மஜ்ஜையைத் தாக்கின், மூவகை அணுக்களும் குறையலாம். மூளையுறைக் காசநோயில் குருதியின் சோடியம் தாழ்வது அடிக்கடி காணப்படுகிறது; அதனைக் கவனியாது விடுதல் உயிருக்கே ஊறு.

ஆனால் இவற்றுள் ஒன்றேனும் காசநோய்க்கே உரியதன்று. மூட்டுவாதம், புற்றுநோய், பிற தொற்றுகள் யாவும் ஈ.எஸ்.ஆர். அளவை உயர்த்தும். அது இயல்பாக இருப்பதாலேயே நோயில்லை எனத் துணியவும் இயலாது.

காசநோய்க்கான எதிர்ப்பொருளைக் குருதியில் தேடும் சோதனைகள் ஒருகாலத்தில் தனியார் கூடங்களில் தாராளமாக விற்பனையாயின. அவை நோயற்றவருக்கு நோயைக் காட்டின; நோயுற்றவரைத் தவறவிட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் அவற்றைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. 2012இல் இந்திய அரசு அவற்றின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது. தரமற்ற சரக்கைச் சந்தையே விலக்கிவிடும் என்னும் பொருளாதார நம்பிக்கை இங்குப் பொய்த்தது. வாங்குவோர் தரத்தை அறிய வழியின்றி இருந்தமையே காரணம். இக்காலத்து ‘இக்ரா’ சோதனையும் தொற்றையே காட்டும், நோயையன்று. 2019-21இல் நடந்த தேசிய ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தொற்றுடையோர். அவர்களிற் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர்.

உறுதியான விடை பாதிக்கப்பட்ட இடத்திலேயே உள்ளது. கணுவிலிருந்து ஊசியால் எடுத்த திசு, முதுகுத்தண்டு நீர் முதலியவற்றைச் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியிலும், கிருமி வளர்ப்பு முறையிலும் சோதித்தல் வேண்டும். குருதிக்கு உரிய பணி வேறு: எச்.ஐ.வி., சர்க்கரை ஆகியவற்றை அறிதல், மருந்து கல்லீரலைத் தாக்குகிறதா எனக் கண்காணித்தல்.

நடைமுறையில் ஒரு சிறு செய்தி பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. அறுவை அரங்கில் எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் இட்டுவிட்டால் கிருமியை வளர்க்க இயலாது. மருந்தெதிர்ப்பை அறியும் வாய்ப்பும் பெரிதும் குன்றும். ஒரு பகுதியைத் தூய உப்புநீரில் தனியே அனுப்புதல் வேண்டும். இதற்காகும் செலவு ஒரு சிறு குப்பியின் விலையே.